உங்க கடையில எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க? புதிய தொழிலாளர் சட்டங்கள் பள்ளத்தூர் வரை வருமா?

புதிய தொழிலாளர் சட்டங்கள் பற்றிய டிவி விவாதங்களில் திரும்பத் திரும்ப அடிபடும் எண் 300. 300 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் ஆலையில் ஆட்குறைப்பு செய்ய, ஏன் ஆலையையே மூட, அரசிடம் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்கிறது சட்டம். தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. தொழில் அமைப்புகள் வரவேற்கின்றன. சரி, சிவகங்கை மாவட்டம் பள்ளத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கோ, பக்கத்து ஊரான புதுவயலில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவருக்கோ இந்த 300 எங்கே பொருந்துகிறது?

பெரும்பாலும் பொருந்தாது. அவர்களுக்கு முக்கியமான எண்கள் வேறு: 50, 40, 20, 10. வேலை பார்க்கும் இடத்தில் மொத்தம் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் இஎஸ்ஐ, பிஎஃப், கிராஜுவிட்டி, பணி நியமனக் கடிதம் எல்லாமே முடிவாகிறது. அதனால் இந்தச் செய்தியைப் படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் கடையிலோ, ஆலையிலோ, பள்ளியிலோ மொத்தம் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது?

மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்கள் 4 சட்டத் தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டன. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மற்றும் பணிச்சூழல் ஆகிய மூன்று தொகுப்புகள் 2020 செப்டம்பரில் நிறைவேறின. அதன் பிறகு ஐந்து வருடங்கள் கிடப்பில் இருந்து, 2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன.

தொழிலாளர் விவகாரம் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் மத்திய அரசுடையது என்றாலும், எந்தப் படிவம், எந்த அதிகாரி, எப்படி மனு கொடுப்பது என்ற விதிகளைப் பெருமளவு மாநில அரசுகள்தான் எழுத வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் தமிழ்நாட்டின் விதிகள் இறுதியாகியிருக்கவில்லை. புது விதிகள் வரும்வரை பழைய விதிகளே, புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்குத் தொடரும் என்றது மத்திய அரசு.

'300'ன்னா என்ன கணக்கு?

பலர் நினைப்பது போல இது புது எண் இல்லை. நெருக்கடி நிலை காலத்தில், 1976ல், தொழில் தகராறுகள் சட்டத்தில் இந்த அனுமதி முறை முதலில் வந்தபோதும் வரம்பு 300தான். 1982ல் கொண்டுவந்த திருத்தம் அதை 100 ஆகக் குறைத்தது. இப்போது மறுபடியும் 300. அதற்கு மேல் உயர்த்த வேண்டுமென்றாலும் சட்டத்தைத் திருத்த வேண்டாம், அரசாணை அறிவிப்பு போதும் என்று புதிய தொகுப்பில் எழுதியிருக்கிறார்கள். தொழிற்சங்கங்களின் பயம் 300ஐ விட இந்த வரியில்தான் அதிகம்.

முதலாளிகள் தரப்பு வாதம் இதுதான்: வெளியே அனுப்புவது கஷ்டம் என்றால் உள்ளே எடுக்கவும் தயங்குவோம், 100ஐத் தாண்டாமல் 95 பேரோடு நிறுத்திக்கொள்வோம், மிச்ச வேலையை கான்ட்ராக்டில் விடுவோம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வரம்பை உயர்த்தினால் வேலை கொட்டும் என்பதை அப்படியே ஏற்க முடியாது. 100 என்ற வரம்பு இருந்த காலத்திலேயே நாட்டில் அதிக தொழிற்சாலைகள் உள்ள மாநிலமாக தமிழ்நாடு வளர்ந்தது. துறைமுகம், மின்சாரம், பாலிடெக்னிக், பஸ் வசதி, வேலைக்கு வரத் தயாராக இருக்கும் பெண்கள் என்று ஆலை அமைப்பவர் பார்க்கும் பட்டியல் நீளம். மூடும்போது அனுமதி தேவையா என்பது அதில் ஒரு வரி மட்டுமே.

ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்குப் புதிதாக ஒன்று உண்டு. வழக்கமான இழப்பீட்டோடு, 15 நாள் சம்பளத்தை நிர்வாகம் மறுதிறன் நிதி என்ற கணக்கில் கட்ட வேண்டும். அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகும். 15 நாள் சம்பளத்தில் என்ன புதுத் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்டால், பதில் கஷ்டம்தான்.

பள்ளத்தூர் பணம், அம்பத்தூர் வேலை

பள்ளத்தூரை ஏன் உதாரணமாக எடுத்தோம்? வேலை எங்கே உருவாகிறது, எங்கே உருவாகவில்லை என்பதை இந்தச் சின்ன பேரூராட்சி நன்றாகவே காட்டும்.

முருகப்பா குழுமத்தின் பூர்வீக ஊர் இது. இந்த ஊர்க்காரரான திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900ல் பர்மாவின் மௌல்மீனில் லேவாதேவி தொழில் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அந்தக் குடும்பத்தின் முதலீடு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டது. 1949ல் டிஐ சைக்கிள்ஸ், 1954ல் கார்போரண்டம் யுனிவர்சல் என்று ஆலைகள் எழுந்தன. எங்கே? அம்பத்தூரிலும் திருவொற்றியூரிலும். பள்ளத்தூருக்கு வந்தவை மருத்துவமனை, கல்லூரி. சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இன்றும் இங்கேதான் நடக்கிறது.

செட்டிநாட்டின் பொதுவான கதையும் இதுதான். சம்பாதித்தது வெளியே, வீடு கட்டியது உள்ளே. ஆச்சி மனோரமா சிறு வயதில் வளர்ந்த ஊரும் இதே பள்ளத்தூர். 'பள்ளத்தூர் பாப்பா'வாக நாடக மேடை ஏறியவரும் வாழ்க்கையைத் தேடி சென்னைக்குத்தான் போனார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்பது ஏதோ வெளிநாட்டு இறக்குமதி போலப் பேசப்படுகிறது. செட்டிநாட்டுக்கு இது நூறு வருடப் பழக்கம். பர்மா, மலாயா வட்டிக்கடைகளுக்குப் போன மேலாளும் அடுத்தாளும் மூன்று வருடத் தவணைக்குத்தான் போனார்கள். சம்பளம் போவதற்கு முன்பே பேசி முடிவாகும், ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்கு வந்துவிடும், மேலாளுக்கு லாபத்தில் பங்கும் உண்டு. தவணை முடிந்தால் ஊர் திரும்பி, அடுத்த தவணைக்கு மறுபடி பேச வேண்டும். எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம் என்பது கப்பல் ஏறும் முன் இரண்டு தரப்புக்கும் தெரியும். இன்று கடை வேலைக்குச் சேரும் எத்தனை பேருக்கு அந்த அளவுக்காவது தெளிவு இருக்கிறது?

இப்போ இங்கே என்ன வேலை இருக்கு?

கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கட்டட வேலை, விவசாயக் கூலி. புதுவயல் அரிசி ஆலைகள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் தரைக்கல் பட்டறைகள். கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் ஓட்டலாக மாறிய பெரிய வீடுகள். கண்டாங்கி சேலைத் தறி, கொட்டான் முடைவது, வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் பெண்கள். கொட்டானுக்கு 2013லும் கண்டாங்கிக்கு 2019லும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காப்பாற்றும். கூலியை நிர்ணயிக்காது.

இவற்றில் 20 பேருக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் இடங்கள் எத்தனை தேறும்? நாடு முழுக்க இதே நிலைதான். விவசாயம் அல்லாத அமைப்புசாரா நிறுவனங்கள் பற்றிய மத்திய அரசின் 2023-24 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 7.34 கோடி சிறு நிறுவனங்களில் 12.06 கோடி பேர் வேலை பார்க்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூட வரவில்லை.

எண் மாறினால் உரிமை மாறும்

இனி நீங்கள் எண்ணி வைத்த எண்ணுக்கு வருவோம்.

மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 10 பேர் இருந்தாலே அது 'தொழிற்சாலை' என்றது 1948 சட்டம். இப்போது அந்த வரம்பு 20. மின்சாரம் இல்லாமல் கையால் செய்யும் இடம் என்றால் 20ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. அதாவது 15 பேர் வேலை பார்க்கும் ஒரு அரிசி ஆலை, நேற்று வரை தொழிற்சாலை, இன்று இல்லை. 30 பேர் இருக்கும் கைவேலைப் பட்டறைக்கும் அப்படியே. பாதுகாப்புக் கடமைகள் மொத்தமாகப் போய்விடவில்லை. 10 பேர் இருந்தால் அது 'நிறுவனம்' என்ற கணக்கில் வரும், பொதுவான பாதுகாப்பு விதிகள் பொருந்தும். ஆனால் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே என்று எழுதப்பட்ட பிரிவுகள் விலகிவிடும். கான்ட்ராக்ட் தொழிலாளர் விதிகளுக்கும் வரம்பு 20லிருந்து 50 ஆகியிருக்கிறது. 30 பேரை வைத்து ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அந்த விதிகளுக்கு வெளியே போய்விட்டார்.

பிஎஃப் கட்டாயமாவது 20 பேரில். இஎஸ்ஐ, கிராஜுவிட்டி இரண்டும் 10 பேரில். இஎஸ்ஐக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடங்களும் இரு தரப்பும் விரும்பினால் இஎஸ்ஐக்குள் வரலாம் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை என்று அரசு அறிவித்த தொழிலாக இருந்தால் ஒரே ஒருவர் இருந்தாலும் கட்டாயம்.

அடுத்து, அரசு விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் 'எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம்'. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு இருப்பது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில். அந்தத் தொகுப்பு 'நிறுவனம்' என்று சொல்வது 10 தொழிலாளர்கள் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தை. ஆறு பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் இந்தப் பிரிவைக் காட்டிக் கடிதம் கேட்க முடியாது. 'எல்லோருக்கும்' என்ற சொல் இங்கே கொஞ்சம் அதிகப்படி.

அப்போ ஆறு பேர் கடைக்கு ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. இதைத்தான் விவாதங்களில் அதிகம் பேசுவதில்லை. ஊதியச் சட்டத் தொகுப்புக்கு ஆள் கணக்கு கிடையாது. ஒருவரை வைத்து வேலை வாங்கினாலும் அது பொருந்தும்.

பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம், அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும்தான். பட்டியலில் இல்லாத வேலை என்றால் வழக்கு நிற்காது. இப்போது பட்டியல் என்ற தடை போய்விட்டது. சம்பளத்தை உரிய தேதியில் கொடுக்கச் சொல்லும் பழைய சட்டமும் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு மட்டுமே இருந்தது. அந்த வரம்பும் இப்போது இல்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றாலோ, நீக்கினாலோ, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் செட்டில் பண்ண வேண்டும். "அடுத்த மாசம் வந்து வாங்கிக்கம்மா" என்று இழுத்தடிப்பது சட்டப்படி தப்பு.

லேட்டாக வந்தால் ஃபைன் போடும் கடைகள் நிறைய உண்டு. என்னென்ன தவறுக்கு ஃபைன் என்பதை முன்கூட்டியே அனுமதி வாங்கி, பணியிடத்தில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். அப்படிப் போட்டாலும் மொத்த ஃபைன் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் சம்பளம் என்றால் 360 ரூபாய், அவ்வளவுதான். வராத நாளுக்கான சம்பளப் பிடித்தம் இதில் சேராது, அது தனி.

எல்லாவற்றையும் விட முக்கியம், சம்பள ரசீது. ஒவ்வொரு ஊழியருக்கும் முதலாளி சம்பள ரசீது தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. நியமனக் கடிதம் கிடைக்காத ஆறு பேர் கடையிலும் ரசீது கேட்க உரிமை உண்டு. சின்ன கடைத் தொழிலாளியின் கைக்கு எட்டும் ஒரே காகிதம் இதுதான் என்றே சொல்லலாம். வேலை பார்த்ததற்கும், எவ்வளவு சம்பளம் என்பதற்கும் அது சாட்சி.

கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல். பணியாளர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021லேயே திருத்தம் வந்தது. அது மாநிலச் சட்டம். இந்த 29ல் சேராததால் அப்படியே இருக்கிறது.

ஸ்கூல் டீச்சர் தொழிலாளியா?

பள்ளத்தூர் கல்லூரியில் படித்து முடிக்கும் ஒரு பெண்ணுக்கு உள்ளூரிலேயே கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் தனியார் பள்ளி ஆசிரியை வேலை. பல இடங்களில் சம்பளம் குறைவு, மே மாதம் சம்பளமே கிடையாது, ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இவர் சட்டத்தின் கண்ணில் யார்?

ஆசிரியர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று 1988ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தன்னை வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்து நடத்திய வழக்கு அது. அதனால் வேலை நீக்கத்தை எதிர்த்து தொழிலாளர் நீதிமன்றம் போகும் வழி ஆசிரியர்களுக்கு அடைபட்டது. கிராஜுவிட்டியிலும் இதே பிரச்சினை வந்தது. ஆசிரியர் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வரமாட்டார் என்று 2004ல் தீர்ப்பு. பிறகு 2009ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலில் இருந்தே பொருந்தும் என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்து வைத்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 'ஊழியர்' என்பதற்கான விளக்கத்தில் 'வேறு எந்த வேலையும்' என்ற சொற்களையும் சேர்த்துவிட்டார்கள்.

ஆக, 10 பேருக்கு மேல் வேலை பார்க்கும் பள்ளியில் ஐந்து வருடம் தொடர்ந்து பணியாற்றிய ஆசிரியைக்கு கிராஜுவிட்டி உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் முடித்தாலே போதும். புதிய சட்டங்களில் தொழிலாளர் பக்கம் நிற்கும் மாற்றங்களில் இது உருப்படியான ஒன்று.

ஆனால் அதே ஒப்பந்த முறைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. எத்தனை முறை புதுப்பிக்கலாம், எந்த மாதிரி வேலைக்கு மட்டும் வைக்கலாம் என்ற கட்டுப்பாடு சட்டத்தில் இல்லை. நிரந்தர வேலையையே 11 மாதம், 11 மாதமாக வெட்டினால் அந்த ஒரு வருடம் ஒருபோதும் நிறைவடையாது. கையெழுத்துப் போடும் முன் தேதிகளைப் பாருங்கள்.

டேக் ஹோம் குறையுமா?

வெளியூர் நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. புதிய சட்டப்படி, சில விலக்குகள் போக, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் 'ஊதியம்' ஆகிவிடும்.

ஒரு கணக்கு போடலாம். மொத்தச் சம்பளம் 30,000. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,000, மிச்சம் 20,000 அலவன்ஸ். இனி ஊதியம் 15,000 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 10,000க்கு பிஎஃப் பிடித்தம் 1,200. 15,000க்கு 1,800. கையில் வருவது 600 ரூபாய் குறையும். ஆனால் நிர்வாகமும் 600 கூடுதலாகப் போட வேண்டும். கிராஜுவிட்டி ஒரு வருடத்துக்கு 5,769 ரூபாயாக இருந்தது 8,654 ஆகும். ஏற்கெனவே 15,000 ரூபாய்க்கு பிஎஃப் கட்டிக்கொண்டிருப்பவருக்குப் பிடித்தம் கூட வேண்டிய கட்டாயம் இல்லை.

படிச்சவங்களுக்குத்தான் வேலை இல்லையா?

சட்டம் ஒரு பக்கம். வேலையே இல்லாவிட்டால் எந்தப் பிரிவும் உதவாது. உலகத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம். படிக்காதவர்களுக்கு நல்ல வேலை கொட்டிக் கிடக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டில் வசதி இல்லாதவர் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார். டிகிரி முடித்தவர், அதற்கேற்ற வேலைக்காக இரண்டு மூன்று வருடம் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று காத்திருப்பார்.

தமிழ்நாட்டுக்கு இந்த எண் கூடுதலாக வலிக்கும். கல்லூரி வயதில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேருபவர்கள் இங்கே 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 (2021-22). அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. கல்லூரி வாசல் வரை கொண்டுபோய்விட்டோம். வெளியே வரும்போது பஸ் ஏறும் தூரத்தில் என்ன வேலை?

இன்னொரு புள்ளிவிவரத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பெண்களின் விகிதம் நாட்டில் 2017-18ல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24ல் 41.7 ஆகிவிட்டது. பெரிய பாய்ச்சல். ஆனால் அதில் பெரும்பகுதி சுயதொழிலும், குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாத உதவியும்தான். கணவரின் பலகாரக் கடைக்கு அதிகாலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசையும் பெண், கணக்கெடுப்பில் 'வேலையில் இருப்பவர்'. அவருக்கு முதலாளி இல்லை, அதனால் மேலே சொன்ன எந்தப் பிரிவும் இல்லை. இவர்களுக்கு இருப்பது 2021ல் வந்த இ-ஷ்ரம் பதிவும், 1982ஆம் வருட தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநில நல வாரியங்களும். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்தபின் இந்த வாரியங்களின் கதி என்ன என்பதுதான் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்களின் முக்கியமான கேள்விகளில் ஒன்று.

ஊரை விட்டுப் போனால்?

பெரிய ஆலை வேலை என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போக வேண்டும். இங்கிருந்து சுமார் 400 கி.மீ. அங்கே செல்போன் ஆலைகளில் பெரும்பாலும் இளம்பெண்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. 300 என்ற எண் உண்மையிலேயே பொருந்துவது இங்கேதான். சங்கம் வைக்கும் உரிமைக்காக சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே வட்டாரத்தில். புதிய சட்டப்படி எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21ல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் ஆனது பலருக்கு நினைவிருக்கும்.

பெண்கள் இரவு ஷிப்ட் பார்க்க அவர்களின் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது புதிய சட்டம். தமிழ்நாட்டுக்கு இது பெரிய செய்தி இல்லை. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற பழைய தடையை சென்னை உயர் நீதிமன்றம் 2000லேயே ரத்து செய்துவிட்டது.

வெளிநாடு என்றால் இந்த நான்கு சட்டங்களும் விமான நிலையத்தோடு நின்றுவிடும். வளைகுடா நாடுகள், மலேசியா போகிறவர்களுக்கு 1983ஆம் வருட குடிபெயர்வுச் சட்டம்தான். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால், அவர் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

சம்பளம் வரலைன்னா எங்கே போறது?

மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நல வாரியப் பதிவுக்கு அதே பதவிப் பெயரில் 'சமூகப் பாதுகாப்புத் திட்டம்' என்று தனி அலுவலகம் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பள பாக்கி கேட்க புதிய சட்டத்தில் மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. நீங்கள் உயிரோடு இல்லாவிட்டால் வாரிசுகளும் கேட்கலாம். குறைத்துக் கொடுத்தது உறுதியானால், பாக்கியோடு சேர்த்து அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

சம்பளம் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ஆனால் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை முதலில் நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். ரசீது தராத கடை என்றால், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய மெசேஜ், ஜிபே பதிவு, அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டின் போட்டோ, லீவு கேட்டு முதலாளிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.